போன் லைனில் பிராட்பேண்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணாச்சி, ஒரே கம்பியில் பேசிக்கொண்டே இன்டர்நெட்டும் பார்க்க முடியுமா? (முக்கூடல்)

தாராளமாக. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். போன் கம்பியில் வரும் பிராட்பேண்டான ஏடிஎஸ்எல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஓடுகிறது. இரண்டையும் பிரித்துவிடுவது ஸ்ப்ளிட்டர். மாடியில் பேரலல் போன் இருந்தால் அதையும் ஸ்ப்ளிட்டரின் போன் முனையிலிருந்தே இழுங்கள். இல்லாவிட்டால் மணி அடிக்கும்போது நெட் அறுந்துபோகும்.

கேள்வி: 8 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தோம். எக்ஸ்சேஞ்ச் ஊருக்குள்தான், எங்கள் வீடு வயல் பக்கம். 2-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. (கல்லிடைக்குறிச்சி)

பெரும்பாலும் தூரம்தான் காரணம். பைக்கில் போகிற தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். கம்பி எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர் பாக்ஸ், அங்கிருந்து கம்பத்துப் பெட்டி, அப்புறம் வீடு என்று தெருத்தெருவாகச் சுற்றி வரும். அதிர்வெண் கூடக்கூட, செம்பில் சிக்னல் சீக்கிரம் தேயும். ஏடிஎஸ்எல்லின் வேகமான வடிவமான ஏடிஎஸ்எல்2+ தரும் 24 எம்பிபிஎஸ் எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீடுகளுக்குத்தான். 5 கிலோமீட்டர் தாண்டினால் லைன் நிற்பதே பாடு.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் லைன் அட்டெனுவேஷன், அதாவது வழியில் சிக்னல் தேய்ந்த அளவு, எவ்வளவு என்று பாருங்கள். 50 டெசிபலுக்கு மேல் இருந்தால் தூரம்தான். குறைந்த பிளானுக்கு மாறிக் காசை மிச்சப்படுத்துங்கள். 30-க்குக் கீழே இருந்தும் வேகம் இல்லையென்றால் ஜாயிண்டிலோ வீட்டு வயரிங்கிலோ கோளாறு, அதைச் சரிசெய்யச் சொல்லி விடாமல் கேளுங்கள். லைனைச் சோதிக்காமல் பெரிய பிளானை விற்பது நியாயமே இல்லை. கடைசி வீடு வரை வேகம் வர வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் இருந்து போன் கம்பிகளில் இன்டர்நெட்டை ஏற்றி அனுப்பும் டிஸ்லாம் கருவியை, ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) இழுத்து, ஊர்க்கோடிக்கே கொண்டுவர வேண்டும். ஊரோடு சேர்ந்து கேட்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கினாலே நெட் விட்டுவிட்டு வருகிறது. மோடத்தை மாற்றவா? (பாளையங்கோட்டை)

வேண்டாம். போனை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று இரைந்தால் எங்கோ ஒரு ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புகாரில் "நெட் வரவில்லை" என்பதோடு "போனில் இரைச்சல்" என்றும் எழுதுங்கள், லைன்மேன் கம்பியைத்தான் முதலில் பார்ப்பார். இடி இடித்தால் பவர் வயரோடு போன் வயரையும் மோடத்திலிருந்து கழற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. மாறலாமா? (வள்ளியூர்)

யோசிக்காமல் மாறுங்கள். ஊருக்குள் இருக்கிற தூரமெல்லாம் ஃபைபருக்குப் பொருட்டில்லை. ஒன்று மட்டும்: பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அதை இன்வெர்ட்டர் பிளக்கில் சொருகச் சொல்லுங்கள்.