பன்னவேலை, பாலன் குடில், பட்டம்: கைவேலைக் கேள்விகளுக்குப் பதில்

விளக்கீடு, நத்தார், தைப்பொங்கல் எண்டு வரிசையா வருகுது. கையால செய்து குடுக்கிற பரிசு, வீட்டு அலங்காரம் பற்றி வந்த கேள்விகளில ஒரே மாதிரி இருந்ததுகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறன். எனக்குக் கைவந்தது பன்னவேலை, அதாவது பனையோலையில பெட்டி, பாய் இழைக்கிற வேலை. அதால ஓலைக்குத்தான் கனக்க இடம் போயிருக்கு, மற்ற ஆக்கள் கோவிக்காதேங்கோ.

சுன்னாகத்தில இருந்து: அக்கா, குருத்தோலையில சின்னப் பெட்டி இழைச்சு நத்தாருக்குக் குடுப்பம் எண்டு தொடங்கினன். இழைக்கேக்க நல்ல நெருக்கம். ரெண்டு நாளில கண் கண்ணா இடைவெளி விழுந்திட்டுது. என்ன பிழை?

ஈர ஓலையில இழைச்சிருக்கிறீங்கள் தங்கச்சி. காயேக்க ஓலை நீளத்தில பெரிசாச் சுருங்காது, அகலத்திலதான் சுருங்கும். ஒவ்வொரு கீற்றும் கொஞ்சம் கொஞ்சம் ஒடுங்க, பெட்டி முழுக்கக் கண் விழுந்திடும். குருத்தை வெட்டி விரிச்சு, ஈர்க்கை நீக்கி, முதல்ல முழுசாக் காயவிட வேணும். இழைக்கிற அண்டைக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்து, ஈரத்துணியால துடைச்சு, நனைச்சுப் பிழிஞ்ச சாக்கில சுத்தி வையுங்கோ. வாளித் தண்ணியில ஊறப்போட வேண்டாம். மடிச்சால் வெடிக்கக் கூடாது, தொட்டால் கையில தண்ணி ஒட்டவும் கூடாது. அதுதான் பதம்.

சத்தகத்தால, அதாவது ஓலை கிழிக்கிற சின்னக் கத்தியால, வாரேக்க கீற்றெல்லாம் ஒரே அகலமா வரவேணும். இதில அவசரப்பட்டால் பிறகு எந்தக் கெட்டித்தனமும் உதவாது. இழைச்சு முடிஞ்சதும் உடன வாயை மடிச்சுக் கட்டாதேங்கோ. ஒரு நாள் காயவிட்டு, கீற்றுகளை அடியில இருந்து நெருக்கித் தள்ளிப்போட்டுப் பிறகு மடியுங்கோ. உங்கடை பெட்டிக்கு இன்னும் வாய் மடிக்கேல்லை எண்டால் இப்பவும் இப்பிடி நெருக்கி எடுக்கலாம்.

இன்னொண்டு, சின்னப் பெட்டிக்கும் கொட்டப்பெட்டிக்கும்தான் குருத்து. கடகம், பாய் மாதிரி உழைக்கிற சாமானுக்குச் சார்வோலை, அதாவது குருத்துக்கு அடுத்த விரிஞ்ச ஓலை, எடுங்கோ. குருத்தை வீணாக்கினால் மரத்துக்குத்தான் கேடு.

ஓலை பற்றியே, கொடிகாமத்தில இருந்து: ஓலைக்குச் சாயம் போட்டால் ஒரு பக்கம் ஏறுது, மற்றப் பக்கம் திட்டுத் திட்டா நிக்குது.

பாத்திரம் சின்னன். ஓலை நெருக்குப்படாமல் மிதக்க வேணும். தண்ணி கொதிச்ச பிறகு சாயத்தையும் கொஞ்ச உப்பையும் கரைச்சு, வார்ந்த கீற்றைத் தளரக் கட்டிப் போட்டு, புரட்டிக்கொண்டே இருங்கோ. எடுத்துப் பச்சைத் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்கோ. அலசின தண்ணி தெளிவா வருமட்டும் அலச வேணும், இல்லாட்டில் சாயம் பரிசு வாங்கினவையின்ர சீலையில ஏறும். சாப்பாடு வைக்கிற பெட்டிக்குச் சாயமே வேண்டாம்.

லண்டன்ல மண்டப அலங்காரம் செய்யிற தம்பி ஒருவர்: இங்க தென்னங்குருத்து எடுக்கிறது கஷ்டம். பச்சை, மஞ்சள் கடதாசியில தோரணம் செய்து தரச்சொல்லிக் கேட்கினம். மடிப்பு எத்தினை எண்டாலும் பரவாயில்லையோ?

பரவாயில்லை இல்லைத் தம்பி! தொங்கிற அந்த மடிப்புகளைத்தான் குருவி எண்டு சொல்லுறது. மங்கல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேல பாத்திருக்க வேணும். மூண்டு குருவி, தலை கீழ பாத்த தோரணம் செத்தவீட்டுக்குக் கட்டுறது. பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில மூண்டு குருவித் தோரணம் தொங்கினால் பிள்ளையின்ர அம்மம்மா வாசல்லயே நிண்டிடுவா. இணையத்தில பாத்த படத்தை அப்பிடியே பாவிக்க முதல் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

கடதாசி எண்டால் கொஞ்சம் தடிப்பானது எடுங்கோ, மெல்லிசு மண்டபச் சூட்டில சுருளும். சற்றின் ரிபன் மடிப்பு நிக்காது, ஒவ்வொரு மடிப்பையும் அயன் பண்ண வேணும். ஊரில செய்யிறவை உண்மையான குருத்தையே பாவியுங்கோ. முதல்நாள் பின்னேரம் மடிச்சு ஈரச் சாக்கால மூடி வைச்சால் விடியக் கட்டுமட்டும் வாடாது.

குருநகரில இருந்து ஒரு அம்மா: பாலன் குடிலுக்கு ஒவ்வொரு வருசமும் கடையில பிளாஸ்ரிக் புல் வாங்கிறம். வீட்டிலயே ஏதாவது செய்யலாமோ?

கலியாண வீட்டு முளைப்பாலிகையைப் பாத்திருப்பீங்கள் அம்மா, அதே வேலைதான். தட்டையான தட்டில ரெண்டு விரல் கனத்துக்கு மண் போட்டு, ஒரு இரவு ஊறவைச்ச நெல்லை நெருக்கமாத் தூவி, மெல்லிசா மண்ணால மூடி, தண்ணி தெளிச்சு வாங்கோ. பத்துப் பன்னிரண்டு நாளில பச்சைப் புல்லா நிக்கும். டிசம்பர் 12, 13 அளவில போட்டால் 24ஆம் திகதி இரவுக்குச் சரி. முந்திப் போட்டால் உயர்ந்து சரிஞ்சு மஞ்சளாப் போகும். மார்கழி மழை நேரம் தண்ணி கூடினாலும் அழுகும், கவனம்.

மலைக்கு, சிமெந்துப் பை கடதாசியைக் கசக்கி, கஞ்சித்தண்ணியில தோய்ச்சு, கல்லு அடுக்கின மாதிரிக் காயவையுங்கோ. கூரைக்குக் கிடுகுத் துண்டு. வயரை மட்டும் வைக்கோலுக்குள்ள விடாதேங்கோ. பழைய சூடேறுற சீரியல் பல்ப் எண்டால் அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு எல்ஈடி வாங்குங்கோ.

ஜேர்மனியில இருந்து: என்ர மகள் பள்ளிக்கூடத்தில நாலு கடதாசிக் கீற்றில நட்சத்திரம் மடிக்கப் பழகியிருக்கிறா. அதைப் பனையோலையில செய்யலாமோ?

அது ஃப்ரோபல் நட்சத்திரம், கிண்டர்கார்டனைத் தொடக்கின ஃப்ரோபலின்ர பெயரில வழங்கிறது. ஓலையில செய்யலாம், கடதாசியை விட வடிவு. கீற்றின்ர நீளம் அகலத்தைப்போல ஏறத்தாழ 30 மடங்கு இருக்க வேணும். 1 சென்ரிமீற்றர் அகலம் எண்டால் 30 சென்ரிமீற்றர் நீளம், கைக்கு வசதி. கடதாசிக் கீற்றை நடுவில மடிச்சு ரெட்டையாத் தொடங்கிறது மாதிரியே ஓலையையும் தொடங்குங்கோ, ஆனால் மடிக்கிற இடத்தை நகத்தால அழுத்தாதேங்கோ, வெடிக்கும். கூரான முனைகள் வரேக்கதான் ஓலை காய்ஞ்சிருக்கும், பக்கத்தில ஈரத்துணி வையுங்கோ. மகளுக்கு எங்கடை வாழ்த்து.

திருநெல்வேலியில இருந்து: பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவிழ்த்து லைற்றுக்கு மூடியாப் போட்டிருக்கிற படம் ஒண்டு பாத்தன். பாதுகாப்போ?

வடிவுதான், ஓலைக் கண்ணுக்குள்ளால வெளிச்சம் சுவரில கோலம் போடும். 5 வாற் அளவு எல்ஈடி பல்ப் மட்டும் போடுங்கோ. பழைய இழை பல்ப்போ, உள்ளுக்க விளக்கோ மெழுகுதிரியோ கூடாது, காய்ஞ்ச ஓலை எரியிறதுக்குக் காரணமே தேவையில்லை. பிட்டு அவிச்ச பழைய நீத்துப்பெட்டியை எடுக்காதேங்கோ, மாப் பிடிச்ச இடத்துக்குக் கரப்பான் வரும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: மாரிக்கு எல்லா ஓலைச் சாமானும் பூஞ்சணம் பிடிக்குது. வார்னிஷ் அடிச்சால் நிக்குமோ?

ஐப்பசியில இருந்து மார்கழி முடியுமட்டும் இந்தக் கரைச்சல் இருக்கும். வார்னிஷ் ஈரத்தை உள்ளுக்க பூட்டி வைச்சிடும், பிறகு உள்ளால கறுக்கும். முழுசாக் காய்ஞ்ச அலங்காரச் சாமானுக்கு மட்டும், வெயில் காலத்தில, மெல்லிசா ஒரு பூச்சு அடிக்கலாம். எனக்கு அதுவும் பிடிக்கேல்லை, ஓலை மணம் போயிடும். ஏற்கெனவே பிடிச்ச பூஞ்சணத்தை வினாகிரி தொட்ட துணியால துடைச்சு வெயில்ல வையுங்கோ. பொலித்தீன் பையில கட்டி வைக்காதேங்கோ. குசினியில அடுப்புக்கு மேல தொங்கவிட்ட கடகத்துக்கு ஏன் பூஞ்சணம் வாறேல்லை எண்டு ஒருக்கா யோசிச்சால் விளங்கும்.

மானிப்பாயில இருந்து: அக்காவின்ர பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்கு வருகுது. பனையோலைக் கிலுகிலுப்பை செய்து, உள்ளுக்க குண்டுமணி போடலாம் எண்டு நினைச்சன். வடிவான சிவப்பு.

வேண்டாம். குண்டுமணி நஞ்சு. தோடு உடைஞ்சதையோ, ஓட்டை போட்டதையோ பிள்ளை கடிச்சால் உயிருக்கே ஆபத்து. சின்னக் கல்லு, பயறு போட்டாலும், பிள்ளை சப்பிச் சப்பி ஓலை பிரிஞ்சால் தொண்டையில சிக்கும். மூண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளையின்ர கையில இந்தச் சாமானே குடுக்காதேங்கோ. பதிலுக்கு, ஓலையில குருவி, மீன் நாலைஞ்சு இழைச்சு ஏணைக்கு மேல, கைக்கு எட்டாத உயரத்தில கட்டுங்கோ. காத்துக்கு ஆடினால் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்.

சாவகச்சேரியில இருந்து: சிரட்டையில கிண்ணம் செய்யிறன். சொரசொரப்புப் போகுதில்லை.

நல்லா முத்தின, காய்ஞ்ச தேங்காயின்ர சிரட்டை எடுங்கோ. முதல்ல உடைஞ்ச கண்ணாடித் துண்டால தும்பைச் சுரண்டுங்கோ, கையில தடிச்ச துணி சுத்திக்கொண்டு. பிறகு சாண்ட்பேப்பர் 80இல தொடங்கி 120, 240, 400 எண்டு ஏறுங்கோ. 80இல இருந்து நேர 400க்குத் தாவினால்தான் அந்தச் சொரசொரப்பு. கடைசியாத் தேங்காயெண்ணெய் பூசித் துணியால உரஞ்சுங்கோ. சாப்பாட்டுக்கு எண்டால் எண்ணெயோட நிப்பாட்டுங்கோ, லாக்கர் வேண்டாம்.

அம்மாவின்ர பழைய கூறைச்சீலையை வெட்டிக் குசன் உறை தைக்கலாமோ எண்டு மூண்டு பேர் கேட்டிருக்கிறீங்கள். மடிச்சு வைச்ச மடிப்பில பட்டு வெடிச்சிருந்தால் அந்தத் துண்டு இழுவைக்கு நிக்காது. சரிகைக் கரையை மட்டும் வெட்டி, புதுப் பருத்தித் துணியில வைச்சுத் தையுங்கோ, சுவரில கொழுவுங்கோ. முதல் அம்மாவிட்டக் கேளுங்கோ.

காரைநகர் பக்கத்தில இருந்து: கசூரினா கடற்கரையில பொறுக்கின சிப்பி, சோகியில கண்ணாடிச் சட்டம் செய்யிறன். பவளக்கல்லும் சேர்க்கலாமோ?

சிப்பி, சோகி வெறும் ஓடா இருந்தால் சரி, உயிர் இருக்கிறதைத் தொடாதேங்கோ. கொதிதண்ணியில போட்டு, காயவைச்சு ஒட்டுங்கோ. பவளத்தை விட்டிடுங்கோ, இலங்கையில அது சட்டத்தால பாதுகாக்கப்பட்டது.

மெல்பேர்னுக்குப் போற ஒருவர்: தங்கச்சிக்குக் கடகம், பனங்கட்டிக் குட்டான், சுளகு கொண்டு போகலாமோ?

கொண்டு போகலாம், ஆனால் இறங்கேக்க நிரப்பிக் குடுக்கிற பயணிகள் அட்டையில ஓலைச் சாமானும் சாப்பாடும் இருக்கெண்டு கட்டாயம் அறிவியுங்கோ. அறிவிச்சால் பாத்துப்போட்டு விடுவினம், இல்லாட்டில் எடுத்து வைப்பினம், அவ்வளவுதான். ஒளிச்சால் தண்டம். உள்ளுக்க வைக்கோல் அடைக்காதேங்கோ, விதை, மண் ஒண்டும் ஒட்டியிருக்கக் கூடாது. புதுச் சாமானே வாங்குங்கோ. நெல்லுப் புடைச்ச சுளகு கொண்டு போய் நிண்டால் உமியோட மாட்டுவீங்கள்.

விலை எப்பிடிப் போடுறது? ஓலை, சாயம், நார் காசோட, எத்தினை மணித்தியாலம் இருந்தீங்களோ அதுக்கு உங்கடை ஊர் நாட்கூலிக் கணக்கில காசு போடுங்கோ. "ஓலைதானே" எண்டு பேரம் பேசுற ஆக்களுக்கு ஓலையைக் குடுத்து இழைக்கச் சொல்லுங்கோ. முறையாப் பழக விரும்பினால் பனை அபிவிருத்திச் சபையில விசாரியுங்கோ. 1978இல இருந்து பனையோட சம்பந்தப்பட்ட தொழிலுக்கு எண்டே இருக்கிற சபை அது.

பருத்தித்துறையில இருந்து: மகனின்ர அறைச் சுவருக்கு ஒரு பட்டம் செய்யவேணும். வல்வெட்டித்துறையில பொங்கலுக்கு ஏத்துற மாதிரி, காத்துக்குக் கூவுற விண் எல்லாம் பூட்டி.

எட்டுமூலைப் பட்டம் சுவருக்கு நல்லா இருக்கும், கொக்கு எண்டால் இடம் கூட வேணும். மூங்கில் சிலாகையை ரெண்டு பக்கமும் ஒரே பாரமா வாருங்கோ, சுவருக்குத்தானே எண்டு விட்டால் ஒரு பக்கம் சரிஞ்சு தொங்கும். கோதுமைமாப் பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலக்கிறது பூச்சிக்கு நல்லது, ஆனால் அது நஞ்சு, மகனை அந்த வேலைக்கு விடாதேங்கோ. ரிசூ கடதாசியின்ர நிறம் வெயில் படுற சுவரில கெதியா வெளிறும், யன்னலுக்கு நேர கொழுவாதேங்கோ. விண்ணை வடிவுக்குப் பூட்டலாம், அறைக்குள்ள அது கூவாது. பட்டத்தை ஏத்துற நூல் பூட்டுற முச்சையையும் கட்டுங்கோ. ஆணியில கொழுவ அதுதான் வசதி, பொங்கலண்டைக்கு மகன் கழட்டிக்கொண்டு ஓடினாலும் பட்டம் ஏறும்.