ஒரே பாத்திரம், நான்கு உடல்கள்: கைமாறும் நொடியை எப்படி ஒத்திகை பார்ப்பது?

கேள்வி: நாங்கள் ஆறு நாடக மாணவர்கள். வசனத்தைக் குறைத்து உடல் அசைவை நம்பும் 20 நிமிட நாடகம் ஒன்றைத் தயாரிக்கிறோம். வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணை எங்களில் நால்வர் மாறி மாறி நடிக்கிறோம். மற்ற நேரங்களில் எல்லோருமே கூட்டமாகவும் கதவாகவும் படிக்கட்டாகவும் மாறுகிறோம். ஒத்திகை பார்த்த நண்பர்கள், “இதில் அவள் யார்?” என்று கேட்கிறார்கள். நால்வரும் ஒரே மாதிரி நடிக்கப் பழக வேண்டுமா? அல்லது அவளுக்கென்று ஒரு சிவப்புச் சால்வை வைத்துவிட்டால் போதுமா?

பதில்: சால்வையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இப்போதே கொண்டுவந்தால் அதுவே பாத்திரமாகிவிடும். நீங்கள் நால்வரும் அதை மாட்டிவைக்கும் ஆணிகளாகிவிடுவீர்கள்.

ஒரே மாதிரி நடிக்கவும் வேண்டாம். அப்படி முயன்றால் முதலில் நடிப்பவரின் மூன்று நகல்கள்தான் கிடைக்கும். உங்களுக்குள் பொதுவாக இருக்க வேண்டியவை மிகச் சில. நடக்கும்போது அவள் உடலில் எது முந்திக்கொள்கிறது: நெஞ்சா, முகவாயா, இடுப்பா? எடை குதிகாலில் நிற்கிறதா, முன்பாதத்திலா? ஒன்றைச் செய்யத் துணியும் முன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாளா, விட்டுவிடுகிறாளா? இந்த மூன்றையும் முடிவு செய்தபின் யாரும் மாற்றக்கூடாது. முகபாவமும் கோபத்தின் அளவும் அவரவர் பாடு. அந்த வேறுபாடுகள் இல்லையென்றால் நால்வர் நடிப்பதற்கே பொருளில்லை.

இதை வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியாது. மாணவர் குழுக்களின் ஒத்திகை நேரத்தில் பாதி இந்தப் பேச்சிலேயே கரைந்துபோகிறது. ஒருவர் நடக்கட்டும், மற்ற மூவரும் பின்னால் நடந்து அவருடைய எடையைத் தங்கள் காலில் வாங்கட்டும். பிறகு முன்னால் போகிறவர் மாறட்டும். கடைசியாக, பார்ப்பவருக்கு முதுகைக் காட்டி ஒவ்வொருவராக நடந்து பாருங்கள். முகம் தெரியாதபோதும் “அவள்தான்” என்று அடையாளம் சொல்ல முடிய வேண்டும். 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகாக், எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடியை மாணவர்களுக்கு மாட்டிப் பயிற்சி அளித்தார். முகம் மறைந்துவிட்டால் உடல் எதையும் ஒளித்துவைக்க முடியாது.

ஆனால் உங்கள் நண்பர்களின் குழப்பம் பெரும்பாலும் இதனால் வந்திருக்காது; பாத்திரம் கைமாறும் நொடியில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: முதலாமவர் முடித்ததும் தோளைத் தளர்த்திக்கொண்டு ஓரமாகப் போகிறார், அடுத்தவர் வந்து நின்று தொடங்குகிறார். நடுவில் மேடையில் அவள் இல்லவே இல்லை. பார்ப்பவரின் கண்ணோ தளர்ந்து விலகுகிறவர் பின்னாலேயே போய்விடுகிறது.

செயல் முடிந்தபின் மாறாதீர்கள், பாதியில் மாறுங்கள். வெளியேறும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். முதலாமவர் தாழ்ப்பாளை நோக்கிக் கை நீட்டுகிறார். மணிக்கட்டு பாதி திரும்பி நின்றுவிடுகிறது, மூச்சும் நிற்கிறது. இரண்டாமவர் பின்னாலிருந்து வந்து, அதே உயரத்தில், அதே கோணத்தில் தன் மணிக்கட்டை வைக்கிறார். ஒரு மூச்சு நேரத்துக்கு இருவருமே அவள்தான். இரண்டாமவர் மீதித் திருப்பத்தை முடித்து மூச்சை விடுகிறார். அதன் பிறகே முதலாமவர் விலகலாம். அப்போதும் வெறும் ஆளாக விலகக்கூடாது. அப்படியே கதவாக மாறிவிட வேண்டும். மற்ற நால்வரின் கண்களும் அந்தக் கையிலேயே இருக்கட்டும். நடிகர்கள் பார்க்கும் இடத்தைத்தான் பார்வையாளரும் பார்ப்பார்கள்.

இதை “ஒன்று, இரண்டு, மூன்று” என்று மனத்துக்குள் எண்ணிச் செய்யாதீர்கள். எண்ணுவது கண்ணில் தெரிந்துவிடும். ஜப்பானின் புன்ராகு பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மையை மூவர் இயக்குகிறார்கள்: ஒருவர் தலையும் வலக்கையும், ஒருவர் இடக்கை, ஒருவர் கால்கள். தலையைப் பிடித்திருப்பவரின் அசைவிலிருந்தே மற்ற இருவரும் அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்கிறார்கள். உங்களிலும் அந்த நொடிக்கு ஒருவர்தான் தலைமை. அது பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு விலகுகிறவராக இருப்பதே நல்லது என்பேன். கொடுப்பவர் தயாராகும் முன் வாங்கினால் அது பறிப்பாகத் தெரியும்.

நாடகத்தில் எத்தனை கைமாற்றங்கள் உள்ளனவோ அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து, இடையிலுள்ள காட்சிகளை விட்டுவிட்டு, வரிசையாகச் செய்து பாருங்கள். பார்வையாளர் உட்காரும் தூரத்திலிருந்து செல்பேசியில் படம்பிடித்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கே கண் தடுமாறுகிறதோ அங்கே வேலை இருக்கிறது. மதிப்பெண்ணுக்கான நாடகமென்றால், எந்தப் பகுதியை யார் நடித்தார்கள் என்று எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று. அவளைத் தூக்கும் காட்சி இருந்தால், பாத்திரம் ஒன்றுதான் என்றாலும் உடல்கள் நான்கு. எடையும் உயரமும் வேறு. யாருக்கு எந்தக் காட்சி என்பதை மாற்றினால், புதிய இணை அந்தத் தூக்கலைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பழக வேண்டும். தூக்குபவர் முழங்காலை மடக்கி, எடையைத் தன் உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் பக்கத்தில் தாங்க நிற்கட்டும். யார் “நிறுத்து” என்றாலும் உடனே இறக்கிவிட வேண்டும். தூக்கல் பயிற்சியை, எல்லோரும் களைத்துப்போன ஒத்திகையின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள்.