இடி விழுந்த சிஸ்டம்ல எதைக் கழட்டலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி: கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து எழுதறேன். ஐப்பசி மழையில இடி விழுந்து டெஸ்க்டாப் டெட். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தேங்கா வியாபாரத்தோட டேலி கணக்கு, பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான். மச்சான் குடுத்த ஆறாம் தலைமுறை சிஸ்டம் ஒண்ணு நல்லா ஓடுது. பழசுல இருந்து எதை எடுத்து இதுல மாட்டலாம்? கடைக்காரர் ஒருத்தர் எல்லாமே எரிஞ்சிருச்சு, டப்பாவோட 1000 ரூபாய்க்கு எடுத்துக்கறேங்கறார்.

பதில்: அந்த 1000 ரூபாய்க்குத் தலையாட்டிடாதீங்க. திறந்து ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணாம எல்லாமே எரிஞ்சிருச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. இப்படி வாங்கிட்டுப் போறவங்க ராமையும் ப்ராசஸரையும் தனித்தனியா வித்து காசு பாத்துடுவாங்க, அதுகூட போகட்டும், உங்க டேலியும் வீட்டு போட்டோவும் எவன் கையிலயோ போயிருமே. ஃபார்மேட் பண்ணிட்டுத்தான் விப்போம்னு சொல்வாங்க, சாதாரண குயிக் ஃபார்மேட் பண்ணின டிஸ்க்ல இருந்து ஃபைலைத் திரும்ப எடுக்கறது பெரிய வித்தையே இல்ல. எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் டிஸ்கைக் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போங்க, ராம், ப்ராசஸர் மேல இருக்கற எழுத்தை மொபைல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, 8 ஜிபி போயி 4 ஜிபி திரும்பி வந்த கதை நான் நிறைய பாத்தாச்சு.

எஸ்எம்பிஎஸ்ஸை, அதான் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டியை மட்டும் நல்ல சிஸ்டத்துல மாட்டவே மாட்டாதீங்க. ஃபேன் சுத்துதேன்னு நம்பினா இருக்கற போர்டும் போயிரும். திறந்தும் பாக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

ப்ராசஸர் புதுசுல உக்காராது, சாக்கெட்டே வேற. ராமும் அநேகமா சேராது, உங்களது டிடிஆர் 3ங்கற பழைய வகை, அதுல 240 பின், மச்சான் சிஸ்டம் டிடிஆர் 4-ஆ இருந்தா 288, நடுவுல இருக்கற வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தி உள்ள தள்ளிடாதீங்க. டிடிஆர் 3 சிஸ்டம் வச்சிருக்கற யாருக்காவது குடுக்கலாம்.

இப்ப ஹார்ட் டிஸ்க். அதை நேரா நல்ல சிஸ்டத்துல மாட்டாம, தனி 12 வோல்ட் பவர் அடாப்டரோட வர்ற யூஎஸ்பி சாட்டா அடாப்டர் (ஹார்ட் டிஸ்கை வெளிய வச்சே யூஎஸ்பியில இணைக்கறது) வாங்கி மாட்டிப் பாருங்க, டிஸ்க்ல ஷார்ட் இருந்தாலும் பாதிப்பு அடாப்டரோட நிக்கும். சுத்திச்சுன்னா முதல் வேலை டேலி ஃபோல்டரையும் போட்டோவையும் காப்பி பண்றதுதான், அப்புறம் உள்ள மாட்டிக்கலாம். சுத்தலைன்னாலும் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, இதை யாரும் சொல்றதில்ல, அதனால விளக்கமா சொல்றேன். நிறைய டிஸ்க்குகளோட பச்சை போர்டுல, பவர் கனெக்டர் பக்கத்துல 12 வோல்ட்டுக்கு ஒண்ணு 5 வோல்ட்டுக்கு ஒண்ணுன்னு பாதுகாப்பு டயோடு இருக்கும், அதிக வோல்டேஜ் வந்தா அது தான் ஷார்ட் ஆகி மத்ததைக் காப்பாத்தும். டிஸ்கை மாட்டினா அடாப்டர் லைட்டே அணைஞ்சு போகுது, கழட்டினா எரியுதுன்னா பெரும்பாலும் அந்த டயோடுதான். மொபைல் போர்டு வேலை பண்ற நல்ல ஆளா இருந்தா ஷார்ட்டான டயோடை மட்டும் எடுத்துட்டு டிஸ்கை ஓட வச்சிருவார், டேட்டாவை எடுத்துட்டு அந்த டிஸ்கை ஓரம் கட்டிருங்க, பாதுகாப்பு போயிருச்சு. அதே மாடல் போர்டு வாங்கி மாத்தறேன்னு ஒருத்தர் சொல்வார், ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய தனி அளவு விவரமும் அதே போர்டுல ஒரு சிப்புல இருக்கும், அந்த சிப்பையும் மாத்தலைன்னா அநேகமா வேலை செய்யாது. இன்னொருத்தர் மூடியைக் கழட்டிப் பாக்கறேன்பார், கடை மேஜைல தூசிக்கு நடுவுல திறந்தா அதோட டேட்டா போச்சு, விடவே விடாதீங்க.

எனக்கு ஆத்திரம் என்னன்னா, வாரண்டின்னு போனா இடி மின்னலுக்கு வராதுங்கறான், பில் கோயம்புத்தூர்ல வீடு கேரளாவுலன்னா அங்க போ இங்க போன்னு அலைய விடறான், இத்தனை வருஷமா ஒவ்வொரு துலா மாசமும், அதான் நம்ம ஐப்பசி, இதே கதைதான், வீட்டு எர்த் சரியா இருக்கான்னு ஒரு தடவைகூட ஒருத்தரும் வந்து பாக்கறதில்ல. கரண்ட் லைன்ல மட்டும் இல்ல, மோடத்துல இருந்து வர்ற லேன் கேபிள் வழியாவும் அடிக்கும். ஃபைபர் போட்டுட்டோம்னு நம்பிடாதீங்க, ஃபைபர்ல கரண்ட் வராது சரி, ஆனா மோடம் அடாப்டர் கரண்ட்லதான இருக்கு, அங்கிருந்து சிஸ்டத்துக்கு வர்றது செம்புக் கம்பி. வானம் இருண்டதும் கரண்ட் பிளக், லேன் கேபிள் ரெண்டையும் பிடுங்கிருங்க.

செத்த போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஆக்ரிக்காரருக்கு (பழைய சாமான் வாங்கறவர்) எடைக்குப் போடாதீங்க, செம்புக்காக எரிச்சு புகையை ஊருக்குள்ள விடுவாங்க. வீடு வீடா கழிவு எடுக்க வர்ற உங்க பஞ்சாயத்து ஹரித கர்ம சேனாக்காரங்க வர்றப்ப எலக்ட்ரானிக் கழிவு எடுக்கறாங்களான்னு கேட்டுக் குடுங்க, டிஸ்க் மட்டும் அதுல போகக்கூடாது.