சமூக ஊடகங்களில் ஒரே தட்டலில் செய்தியைப் பகிரும் வசதி நல்லதா, கெட்டதா?

வெள்ள எச்சரிக்கை, ரத்ததான வேண்டுகோள் போன்றவை நிமிடங்களில் பரவுவது இதன் பெரிய பலம். சிக்கல் என்னவென்றால், பொய்யும் அதே வேகத்தில்தான் ஓடும். படிக்காமலே பகிரலாம் அல்லவா!

பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) மூலப் பதிவை நீக்கினால் மறுபகிர்வுகளும் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தது தனி நகல். மூலத்தை அழித்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் அனுப்பியவர் பெயரும் தெரியாது. அதனால் திருத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை.

இதனால்தான் வாட்ஸ்அப் 2019-இல் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்யலாம் என்றும், 2020-இல் பலமுறை கைமாறிய செய்திக்கு ஒன்று மட்டும் என்றும் வரம்பு வைத்தது. ஆனால் நகலெடுத்து ஒட்டினால் இந்த வரம்பு செல்லாது. பலமுறை கைமாறிய செய்தியைக் காட்டும் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், தேதியையும் மூலத்தையும் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.