ஊருக்குள் ஒரு கூடைப்பந்து கிளப்பை வளர்ப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்

கேட்டவர் திருமங்கலத்துக்காரர் போல. பள்ளி மைதானத்தில் இடம் கிடைத்திருக்கிறது, எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம், முதல் வருடமே ஒரு டோர்னமென்ட் நடத்திவிட்டால் பெயர் பரவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடத்தாதீர்கள். நாங்கள் நடத்திப் பட்டவர்கள்.

எங்கள் கிளப் மதுரையில், வைகைக்கு வடகரையில். ஆரம்பித்தபோது ஒன்பது பேர். எல்லாரும் கல்லூரியில் ஆடிவிட்டு வேலைக்குப் போனவர்கள். சிமெண்ட் தரை, இரண்டு கம்பம், அதில் ஒரு ரிங் கோணல். வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி வாங்கி, காலை ஐந்தரைக்கு விளக்குமாறோடு போய் இறங்குவோம்.

இரண்டாம் வருடம் ஆசை வந்தது. அந்த ஆசைக்குக் காரணம் பெரியகுளம். மே மாதம் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, அங்கே சில்வர் ஜூபிளி கிளப் பல பத்தாண்டுகளாக நடத்தும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் போவது எங்களுக்கு ஒரு வழக்கம். கடற்படை, விமானப்படை, வங்கி அணிகள் எல்லாம் ராத்திரி வெளிச்சத்தில் ஆடும். மாந்தோப்பு சூழ்ந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, நாமும் சின்னதாக ஒன்று நடத்தினால் என்ன என்று தோன்றிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

துணிந்து நடத்தினோம். லைட் வாடகை, மைக் செட், நடுவர் படி, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு. அரையிறுதி அன்று சாயங்காலம் கோடை மழை ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தது. சாக்கைப் போட்டுத் தரையை ஒற்றி எடுத்தும் வழுக்கல் போகாமல், ஆட்டத்தை மறுநாளைக்குத் தள்ளினோம். லைட்டுக்கு இன்னொரு நாள் வாடகை. எங்கள் அணி முதல் சுற்றிலேயே வெளியே. வந்தவர்கள் ஆடினார்கள், கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நான்கு நாளில் ஒரு பிள்ளை கூட 'நானும் சேர்றேன்' என்று வரவில்லை. எப்படி வருவான்? பத்து வயதுப் பையன்களை வாட்டர் கேன் தூக்கவிட்டோம், பந்தைக் கையில் கொடுக்கவில்லை. கடனைப் பிரித்துக் கட்டும்போது சண்டை வந்து மூன்று பேர் விலகினார்கள்.

அப்புறம் ஒரு நாள் பக்கத்துத் தெருச் சிறுவன் ஒருவன், பெரியவர்கள் ஆடும் எங்கள் ஏழாம் நம்பர் பந்தை இரண்டு கையாலும் தொடைக்கு நடுவிலிருந்து வீசிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் முயன்றும் பந்து ரிங்கைத் தொடவே இல்லை. பந்தே அறுநூறு கிராம், ரிங் பத்தடி உயரத்தில். பாவம், அவன் என்ன செய்வான்?

வெல்டிங் பட்டறையில் சொல்லி, பழைய பைப்பில் ஒரு சின்னக் கம்பம் அடித்தோம். சிறுவர்கள் ஆடும் மினி பாஸ்கட்பாலுக்கு ரிங் உயரம் 2.60 மீட்டர், அதாவது எட்டரை அடி. பந்து ஐந்தாம் நம்பர், 500 கிராமுக்கும் குறைவு. சீனியர் ஒருவர் கோபித்துக்கொண்டார்: "ரிங்னா பத்தடி தான்ப்பா!" அந்தப் பத்தடிக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டிய பால்கனி விளிம்பு பத்தடியில் இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அவர் இன்னும் கோபமானார் என்பது வேறு கதை.

சின்ன ரிங் வந்த பிறகுதான் கிளப் வளர்ந்தது. அந்தப் பையன் நாலாவது வீச்சில் போட்டுவிட்டான். அடுத்த நாள் மூன்று பேரைக் கூட்டி வந்தான்.

பெண் பிள்ளைகள் வந்தது நாங்கள் திட்டமிடாதது. ஒரு அக்கா மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு விடியலில் போகிறவர். வீட்டில் தனியாக விட்டுப் போக மனமில்லாமல், வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று மகளை மைதானத்தில் விட்டுப் போனார். ஒரு வாரம் திண்டில் உட்கார்ந்து பார்த்தவள், எட்டாம் நாள் இறங்கினாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவிலிருந்து ஐந்து பேர். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று கேட்ட ஒரு அப்பாவிடம், இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக் கேப்டனாக இருந்த அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "ஆடினா உயரம் கூடுமா?" கூடும் என்று சொல்லி ஆள் சேர்க்காதீர்கள். உயரம் பெரும்பாலும் அப்பா அம்மா கொடுப்பது. நாளைக்கு உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

கூட்டம் கூடியதும் வேறு தலைவலி. ஒரே கோர்ட்டில் பத்துப் பேர் ஆட, மீதிப் பேர் வேடிக்கை பார்த்துச் சலித்து நின்றுவிடுவார்கள். அதற்கு மருந்து மூவர் ஆட்டம், டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் சேர்த்தார்களே, அது. அணிக்கு மூன்று பேர், அரைக் கோர்ட், ஒரே ரிங், பத்து நிமிடம், அதற்குள் யாராவது 21 புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் ஆடலாம். நாங்கள் அதையும் சுருக்கி, ஆறு நிமிடம், தோற்ற அணி வெளியே என்று வைத்திருக்கிறோம். பரீட்சைக் காலம் தவிர எல்லா நாளும் நடக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு நாங்களே லீவு விட்டுவிடுவோம், அழகர் ஆற்றில் இறங்கும்போது யார் பந்து தட்ட வருவார்கள்?

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாதம் இருநூறு, முடியாதவர்களிடம் கேட்பதில்லை. சிமெண்ட் தரைக்குத் தோல் பந்து வாங்காதீர்கள், சீக்கிரமே தேய்ந்துவிடும். ரப்பர் பந்து போதும். பந்தை விட ஷூவில்தான் செலவு. வெறுங்காலோடு சிமெண்டில் குதிக்க விடாதீர்கள்.

இப்போது எழுபது பேர் வரை வருகிறார்கள். பூச்சந்தை அக்காவின் மகள் போன வருடம் முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டியில் பள்ளி அணிக்காக ஆடினாள். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள், அதிலும் நல்ல வித்தியாசத்தில். திங்கட்கிழமை ஐந்தரைக்கு வந்து நின்றாள்.

அந்த வெல்டிங் அண்ணன் இப்போதும் இருக்கிறார். வேண்டுமென்றால் சொல்லுங்கள், அளவு கொடுத்துவிடுகிறேன். அவர் சொல்லும் தேதியோடு இரண்டு வாரம் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.