சின்னக் குழந்தைகளோடு தோட்டத்தில் குடியேறும்போது எதற்கு முதலில் பயப்பட வேண்டும்?

இரண்டு குழந்தைகளோடு தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடிபோவதாக எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். என் பதில், பூச்சிமருந்து. பாம்பும் கிணறும் அதற்குப் பிறகுதான்.

காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கத்திரிக்கு அடிப்பதும் மருந்து. நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் எப்படி வேறாகத் தெரியும்? என் தம்பிக்குத் தெரியவில்லை. அடித்தது போக மிஞ்சியதை அப்பா குளிர்பான பாட்டிலில் ஊற்றி மோட்டார் அறையில் வைத்திருந்தார். ஒரு வாய்தான் குடித்தான். எச்சில் ஒழுகியது, உடம்பெல்லாம் வியர்த்தது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மருந்து?" பாட்டிலில் பெயர் ஏது? அப்பா தோட்டத்துக்குத் திரும்பிப் போய் டப்பாவைத் தேடி எடுத்துவர ஒரு மணி நேரம் ஆனது. தம்பி பிழைத்துக்கொண்டான். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அம்மா இன்றுவரை பேசுவதில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு நஞ்சு என்றுதான் பெயர்.

வாங்கிய டப்பாவிலேயே வைத்து, வீட்டுக்கு வெளியே பூட்டி வையுங்கள். லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடியது. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள எடுக்காதீர்கள். மருந்தடித்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலித்து இமை தானாகச் சரிந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே கிளம்புங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது நல்ல காவல். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பாமல் பால் காய்ச்சாதீர்கள்.

இன்னொன்று. சாளைக்குக் கதவெண் கிடையாது. 108 வண்டியை அழைத்தால் எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். இரவென்றால் ஒருவர் டார்ச் விளக்கோடு ரோட்டில் போய் நிற்க வேண்டும்.