தேயிலைத் தோட்டத்துத் தோழி ஜெர்மனிக்கு வருகிறாள்

கேள்வி: நான் கோத்தகிரிக்காரி. கல்யாணமாகி 6 வருடமாக ஜெர்மனியில் இருக்கிறேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி, வரும் மே மாதம் 3 வாரம் என்னோடு தங்க வருகிறாள். அவளுக்கு 2 ஏக்கர் தேயிலை இருக்கிறது. சம்பள வேலை இல்லை, வருமான வரிக் கணக்கும் கிடையாது. விமானம் ஏறுவதே முதல் தடவை. நான் இங்கிருந்து என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: மே மாதத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். அது தேயிலைக் கொழுந்து அதிகமாக வருகிற நேரம். பறிக்க ஆள் கிடைக்காத ஊரிலிருந்து வருபவர், உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். ஆகஸ்ட்டுக்குத் தள்ள முடிந்தால் நல்லது. மே தான் என்றால், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது விசா. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கட்டணம் 90 யூரோ. குன்னூரில் உட்கார்ந்து விசா வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்த வரை, அதிகாரிக்கு இரண்டே சந்தேகங்கள்தான்: செலவை யார் பார்ப்பது, ஆள் திரும்பி வருவாரா.

முதல் சந்தேகத்தைத் தீர்ப்பது உங்கள் வேலை. விருந்தாளியின் செலவு என் பொறுப்பு என்று உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் பத்திரம் ஒன்று இருக்கிறது. ஜெர்மன் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கும், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். 29 யூரோ கட்டணம். சம்பளச் சீட்டு காட்ட வேண்டும். அசல் பத்திரத்தைக் கூரியரில் அனுப்புங்கள், ஸ்கேன் செல்லாது. ஆஸ்பத்திரிச் செலவும் அந்தக் கையெழுத்துக்குள் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தோழிக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோயும் சேருகிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்கட்டும்.

இரண்டாவது சந்தேகத்தில்தான் சிறு விவசாயிகள் தடுமாறுகிறார்கள். பசுந்தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம். அதற்கு வருமான வரி இல்லை, ஆகவே கணக்குத் தாக்கல் செய்யாதது குற்றமில்லை. பட்டா, சிட்டா, தாசில்தார் தரும் வருமானச் சான்று, தொழிற்சாலையில் இலை போட்ட ரசீதுகள், அந்தப் பணம் மாதாமாதம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒரே கோப்பில் வைத்தால் போதும். பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் சான்றும் உதவும். ஒன்று மட்டும் வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர், கணக்கு கனமாகத் தெரியட்டும் என்று மச்சானிடம் 3 லட்சம் வாங்கி, மனுப் போடுகிற வாரத்தில் கணக்கில் போட்டார். இலைப் பணம் 14,000, 11,000 என்று வந்துகொண்டிருந்த இடத்தில் அந்த ஒரு வரி துருத்திக்கொண்டு நின்றது. விசா கிடைக்கவில்லை.

அழைப்புக் கடிதத்தை நீங்கள் பாசம் பொங்க எழுதிவிடக் கூடாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த முகவரியில், எப்படிப் பழக்கம், அவ்வளவுதான். அரைப் பக்கம் போதும்.

டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில் எடுங்கள். மாறும் இடத்தில் பெட்டியை எடுத்து மறுபடி போடுகிற தொல்லை பெரும்பாலும் இருக்காது. முதல் விமானம் தாமதமானாலும் கம்பெனி பொறுப்பேற்கும். ஊட்டி சீசனில் மலை இறங்குகிற வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். கோவை விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட 2 மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்லுங்கள். காது அடைக்கும் என்று பயப்பட வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடைப்பதுதான்.

பெட்டியில் என்ன வருகிறது என்று கேட்டு வையுங்கள். நெய், பால்கோவா, பிளம்ஸ், கறிவேப்பிலை, ரோஜாக் கன்று எதுவும் வேண்டாம். பால், இறைச்சிப் பண்டங்களுக்கு ஐரோப்பாவில் தடை. பழம், செடிகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தேயிலைத் தூள் தாராளமாக வரலாம். வர்க்கியும் வரலாம், ஆனால் எவர்சில்வர் டப்பாவில். கவரில் போட்டால் தூள்தான் மிஞ்சும். தைலம் சின்ன பாட்டில் போதும்.

வந்த பிறகு முதல் இரண்டு நாள் எங்கேயும் கூட்டிப் போகாதீர்கள். கோடையில் நம் ஊர் நேரம் உங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். தோட்டத்துக்காரர் காலை 5:30க்கு எழுந்து பழகியவர். உங்கள் வீட்டில் அது இரவு 2 மணி. உங்களை எழுப்பக் கூடாது என்று இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆகவே வந்த அன்றிரவே அடுப்பைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். இண்டக்‌ஷனில் அலுமினியப் பாத்திரம் சூடாகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டீத்தூள், சர்க்கரை, பால் எங்கே என்று கையில் எடுத்துக் காட்டுங்கள்.

அப்புறம் வாசல் கதவு. அங்கே பல வீடுகளில் இழுத்துச் சாத்தினால் வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காது. குப்பை கொட்டப் போய் மாட்டிக்கொள்வார்கள். பூட்டு திறக்க வருகிறவர் கேட்கும் கூலி, இங்கே ஒரு மாத இலைப் பணம். உபரிச் சாவி ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே போட்டு விடுங்கள்.

4 யூரோ காபியை 400 ரூபாய் என்று கணக்குப் போட்டு வேண்டாம் என்பார். வற்புறுத்தாதீர்கள். ஒருநாள் சமையல் சாமானை அவர் காசில் வாங்கி அவரே சமைக்கட்டும், மனசு லேசாகும்.

இறங்கியதும் அவர் போன் வேலை செய்யாமல் போகலாம். அதனால் நீங்கள் நிற்கப் போகிற இடத்தை முதலிலேயே போட்டோ எடுத்து அனுப்பி, எந்தக் கடை வாசல் என்று காகிதத்திலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனாலும் அங்கிருந்து நகராதீர்கள். காபி வாங்க வேண்டுமானால் வீட்டுக்காரர் போகட்டும்.